ஆல்பர்ட்டின் கீறலும் ஆற்று வழியே வந்த ஓங்கில்களும்

தை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்டுக்கு ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கூட்டம் ஓங்கில்கள் மணிமுத்தாறு வழியாக விருத்தாசலத்துக்குள் வந்தன. ஆற்றில் தண்ணீர் இல்லை. அந்த வருடம் மழை நன்றாக ஏமாற்றியிருந்தது, மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். ஆகவே தண்ணீர் இருந்திருந்தால் எந்த உயரத்தில் நீந்தியிருக்குமோ அந்த உயரத்தில், வெறும் காற்றில், அவை வரிசையாக நீந்தி வந்தன. ஓங்கில் என்றால் டால்பின். பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர்கள் வைத்த பேர் அது. அவை பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் நுழைந்து வெள்ளாற்றைப் பிடித்து வந்தவை என்பதால் அந்தப் பேரே இங்கும் நின்றுவிட்டது. சேத்தியாத்தோப்பில் ஒரு பஸ் கண்டக்டர் அவற்றுக்கு வழிவிடச் சொல்லி விசில் ஊதினாராம். விசில் சத்தம் கேட்டதும் எல்லாம் பதறிச் சிதறி, பக்கத்து நெல்வயல் மேல் சுற்றிவிட்டு, மறுபடி ஒன்றுகூடித்தான் வந்தனவாம். பாலக்கரைப் பாலத்தை ஒரு துள்ளலில் தாண்டி, கரண்டுக் கம்பிக்குக் கீழே குனிந்து, வேறெங்கும் பராக்குப் பார்க்காமல் நேராக செராமிக் தொழிற்பேட்டைக்குப் போயின. முருங்கைக்காய் விலை உச்சத்தில் இருந்த வாரம் அது. ஊரில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அங்கே போயின என்று சொல்ல, தொழிற்பேட்டையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சூளையிலிருந்து வரும் எந்தச் சரக்கையும், பொம்மையோ விளக்கோ பியூஸ் கட்டையோ, விரலில் தொங்கவிட்டு ஒரு கொய்யாக்குச்சியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். ‘கிண்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே எங்கோ இருக்கிறது, ஓரமாகப் போடவேண்டியதுதான். இந்தப் பழக்கம் பேட்டையோடு நிற்கவில்லை. விருத்தாசலத்துக்காரர்கள் எதை வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவார்கள். தேங்காயைத் தட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் கட்டிலைத் தட்டுவார்கள், குக்கரைத் தட்டுவார்கள், குடிபோகிற வீட்டின் சுவரைத் தட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் பேசுவார்கள். இப்படித் தட்டுவதில் பேட்டைக்கே தலைவி ஆக்னஸ். செராமிக் டிப்ளமா படித்தவள், முப்பதை நெருங்கியவள், ஒரு கம்பெனியில் தரம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாளர். அவளுக்கு அடுத்த இடம் கனகாவுக்கு. கனகாவின் வாய் மட்டும் முதல் இடம்.

முந்தின ஐப்பசியில் அந்தக் கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர் வந்தது. கை வளையல் அகலத்தில், வெள்ளை வெளேரென்று, பெட்டி பெட்டியாக வளையங்கள். எதற்கு என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆயிரம் கை ராட்சசிக்குச் சீமந்தம் போலிருக்கிறது என்று கனகா சொன்னாள். எதற்காக இருந்தால் என்ன, ஆக்னஸ் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே தட்டிப் பார்த்து, ‘கிண்’ சொன்னதை மட்டும் அனுப்பிவைத்தாள். அவை போய்ச் சேர்ந்த இடம் கடற்படையின் ஒரு கப்பல். அங்கே சோனார் என்று ஒரு கருவி உண்டு. தண்ணீருக்குள் பெருஞ்சத்தம் ஒன்றை அனுப்பி, அது எதில் மோதித் திரும்புகிறது என்று கேட்டு, அடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது. அந்தச் சத்தத்தைப் போடுகிற தொண்டைதான் இந்த வளையங்கள். தை பிறந்ததும் கப்பல் பயிற்சிக்குக் கிளம்பி, நடுக்கடலில் சோனாரை இயக்கியது. கடலே அதிர்ந்தது. ஆனால் அந்த அதிர்வுக்குள்ளே, ஒவ்வொரு தடவையும், ஆக்னஸின் கொய்யாக்குச்சி போட்ட சின்னக் ‘கிண்’ ஒன்றும் இருந்தது. பெரிய சத்தத்துக்கு அஞ்சி ஓடிய ஓங்கில்கள் சின்னச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டன. இப்படி மென்மையாகத் தட்டுகிற கை இருக்கும் ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று, அது வந்த திசையை நோக்கிக் கிளம்பிவிட்டன.

இனி ஆல்பர்ட். அதே விருத்தாசலத்துக்காரன், மாதா கோயில் தெருவில் வீடு. கடல் உயிரினங்களைப் படித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் மதிப்பீட்டுக் கம்பெனியில் வேலை. சோனார் பயிற்சியால் கடல்வாழ் உயிரினங்களுக்குப் பாதிப்பு உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவன் தொழில். வருடா வருடம் பயிற்சி முடிந்ததும் படகில் போவான், பைனாகுலரை வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பான். அடிபட்ட ஓங்கில் ஒன்றும் தெரியாது. அடிபடாத ஓங்கிலும் ஒன்றும் தெரியாது. வெறும் கடல் பளபளத்துக்கொண்டு கிடக்கும். ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். எழுதியது பொய் இல்லை. ஆனால் முந்தின வாரம் துள்ளிக்கொண்டிருந்த கூட்டம் எங்கே போயிற்று என்று அவனுக்கே உள்ளே ஒரு உறுத்தல். இல்லாததை எப்படி எண்ணுவது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி வந்தான்.

இந்த ஆல்பர்ட்டுக்குத்தான் ஆக்னஸைப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது பெரியவர்கள். ஆல்பர்ட்டோ பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் உட்காரும் பெஞ்சுக்கு நேராக, ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில்தான் பூசை காண்பான். தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் தாலி கட்டியாக வேண்டும், அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பீடத்திலிருந்து அறிவிப்பார், அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்த மறுநாள், ஆல்பர்ட் மைசூர்பாகு டப்பாவோடு பேட்டைக்குப் போனான். தரம் பிரிக்கும் பெண்கள் எழுந்து நின்று ‘மாப்ள வந்துட்டாரு’ என்று சிரித்தார்கள். கையில் குச்சியோடு இருந்த ஆக்னஸ், வெட்கத்திலோ பழக்கதோஷத்திலோ, கிட்டே வந்தவனின் நெற்றியில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

‘டொக்’.

கொட்டகை முழுக்கக் கேட்டது. கனகா வாயில் போட்ட மைசூர்பாகை மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றாள். ஆக்னஸ் இன்னொரு தரம், நெற்றிப்பொட்டுப் பக்கம் தட்டினாள். அதேதான்.

“கீறல் இருக்குதுங்க” என்றாள் ஆக்னஸ். “எங்கன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதைச் சரி பண்ணிட்டு வாங்க. சாமியார்கிட்ட ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிடறேன்.”

ஆல்பர்ட் டப்பாவை வைத்துவிட்டு வெளியே வந்தான். அவளுக்கும் அன்றைக்கு வேலை ஓடவில்லை. நல்ல சரக்கையெல்லாம் ஓரமாகப் போட்டு, ஓரமாகப் போட வேண்டியதைப் பெட்டியில் அடுக்கி, கனகா எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்தான் ஓங்கில்கள் வந்தது. கொட்டகை வாசலில் தலை நீட்டிய முதல் ஓங்கிலைப் பார்த்து எல்லாரும் பின்வாங்க, ஆக்னஸ் மட்டும் முன்னே போய் அதன் நெற்றியைக் குச்சியால் தட்டினாள். வேறென்ன செய்வாள்? ‘கிண்’ என்றது. அடேயப்பா, அப்படி ஒரு ‘கிண்’ணை அந்தப் பேட்டை கேட்டதில்லை. ஓங்கிலும் அதே சத்தத்தைத் திருப்பிச் சொல்லி, வாயைத் திறந்து சிரித்தது. பிறகு எல்லாம் வரிசையில் வந்து நெற்றியைக் காட்டின. பெண்கள் வரிசையாகத் தட்டி, எல்லாம் நல்ல சரக்கு என்று உள்ளே விட்டார்கள். கடைசியாக வந்தது மட்டும் வாசலைத் தவறவிட்டுச் சுவரில் முட்டி நின்றது. அதையும் தட்டினார்கள், ‘கிண்’ என்றுதான் சொன்னது. ஆனால் அந்தச் சத்தம் அதற்குக் கேட்கவில்லை. கனகா அதன் முதுகைத் தடவி, ராசாத்தி என்று பேர் வைத்தாள்.

ஊர் அவற்றுக்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன் மார்க்கெட்டில் கலியமூர்த்தி காலையில் ஒரு கூடை மத்தியை மேல்நோக்கி வீசுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. பெண்கள் ஸ்கூல் விடும் நேரத்துக்கு நான்கைந்து ஓங்கில்கள் வாசலில் வந்து சைக்கிள்களோடு பந்தயம் விடும். பழமலைநாதர் கோயில் கோபுரத்தைச் சுற்றி அவை மாலையில் வலம் வந்தபோது, சுற்றுவது வலமாகவே இருந்ததால் குருக்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே சிக்கல், சத்தம். ஹாரன் அடித்தால் அவை பதறிக் கூரைகளில் மோதின. முதலில் ஆட்டோக்காரர்கள் ஹாரனை விட்டார்கள். பிறகு ஜங்ஷனில் ரயில்கள் கூவாமல் வந்து நின்றன. போர்ட்டர்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொடி காட்டினார்கள். சென்னை பஸ்களின் ஏர்ஹாரனை வேப்பூர் கூட்டுரோட்டிலேயே கழற்றி டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடானது. அப்போதுதான் விருத்தாசலத்துக்காரர்கள் இத்தனை வருடம் எத்தனை கத்திக்கொண்டிருந்தோம் என்று கண்டுகொண்டார்கள். கணவன் பேசுவது மனைவிக்குக் கேட்டது. சில வீடுகளில் அதனால் சண்டை வந்தது, பல வீடுகளில் நின்றது.

ஆல்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. கடலில் காணாமல் போன கூட்டம் எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் அவன் தெருவிலேயே நீந்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட ராசாத்தியைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. ஓங்கில் கண்ணால் வழி பார்ப்பதில்லை, சத்தத்தை அனுப்பி அது திரும்பி வருவதைக் கேட்டுத்தான் வழி தெரிந்துகொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். காது போன ஓங்கிலுக்கு உலகமே சுவர். ராசாத்தி தண்ணீர்த் தொட்டியில் முட்டியது, டிரான்ஸ்பார்மரில் முட்டப் பார்த்தது. பேட்டைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு அதன் விலாவில் குச்சியால் தட்டித் தட்டி வழி காட்டினார்கள்; இடது பக்கம் தட்டினால் இடது, வலது பக்கம் தட்டினால் வலது. இது எந்த வருடத்துப் பயிற்சியில் காதை இழந்ததோ, அந்த வருடமும் ‘ஏதுமில்லை’ என்று எழுதியவன் தான்தானே என்று நினைத்தபோது, ஆல்பர்ட்டின் நெற்றிக்குள்ளே எங்கோ ‘டொக்’ என்றது. யாரும் தட்டவில்லை.

சென்னையிலிருந்து அவன் மேனேஜர் ராஜாங்கம் போன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை, வேலை பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டவர். “ஆல்பர்ட்டு, பதட்டப்படாதீங்க. நம்ம அறிக்கை கடல்வாழ் உயிரினங்களப் பத்தினது. இதுங்க இப்ப கடல்ல வாழலியே. ஊருக்குள்ளதானே இருக்குது? அப்ப நம்ம கணக்குல வராது. வழக்கம்போல எழுதிடுங்க” என்றார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றியதுதான் ஆல்பர்ட்டுக்குப் பயமாக இருந்தது. வழக்கம்போல எழுதினால், பங்குனியில் அதே இடத்தில், குட்டி போடுகிற காலத்தில், மறுபடி பயிற்சி. எழுதாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு ஆக்னஸ் வீட்டில் பெண் கொடுப்பார்களா என்பது வேறு கவலை.

இதற்கிடையில் பேட்டையில் ஆல்பர்ட்டை என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. “கீறின சரக்கு ஒட்டாதுடி. அரைச்சு மண்ணோட சேத்துட வேண்டியதுதான்” என்றாள் கனகா. ஆக்னஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “சுட்ட சரக்குலதான் கீறல் ஒட்டாதுக்கா. பச்சைச் சரக்குன்னா தண்ணி தொட்டுத் தடவி மூடிடலாம். அவரு இன்னும் சூளைக்கே போகல” என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கனகா அவள் கன்னத்தைக் கிள்ளி, “பார்ரா, விட்டுக்குடுக்க மனசு வரல” என்றாள்.

பாதிக்கப்பட்டவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரில்தான் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. வழக்கமாகக் கடற்கரையில் ஒரு ஷாமியானா போட்டு, நாலு பேரை உட்கார வைத்து முடித்துவிடுவார்கள். இந்த முறை வேறு வழியில்லாமல் விருத்தாசலத்தில், ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். கடற்படையிலிருந்து வெள்ளை உடுப்பில் ஒரு கமாண்டர் வந்தார். ராஜாங்கம் வந்தார். ஊர் வந்தது. ஓங்கில்களும் வந்து, மின்விசிறிகளை நிறுத்திவிட்டிருந்ததால், கூரைக்குக் கீழே வசதியாக மிதந்தன. ஆக்னஸ் பெண்களோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆல்பர்ட்டின் கையில் ராஜாங்கம் தட்டச்சு செய்துகொண்டு வந்த அறிக்கை இருந்தது.

முதலில் கமாண்டர் எழுந்தார். “கடலுக்கு அடியில வர்றது எங்களுக்குக் கேக்கலன்னா எங்க ஆளுங்க உசுரு போயிடும். பயிற்சி இல்லாம முடியாதுங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் பாதிப்பு இல்லன்னுதானே எங்களுக்கு எழுதி வந்துச்சு? இருந்தா சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த நேரம் பார்த்து ராசாத்தி தூணில் முட்டியது. மண்டபம் ‘ஐயோ’ என்றது. கமாண்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆல்பர்ட் எழுந்தான். காகிதத்தைப் பார்த்தான், ராசாத்தியைப் பார்த்தான். மூன்றாம் வரிசையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “பாதிப்பு இருக்குதுங்க” என்றான். சொன்னதும் அவன் காதுகள் சிவந்தன. “எல்லா வருஷமும் இருந்துச்சு. கடல் காலியா இருந்ததப் பாத்துட்டு, அடிபட்டது ஒண்ணும் இல்லன்னு நான்தான் எழுதினேன். காலியா இருக்கிறதுதான் பாதிப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்.” பேசப் பேச உடம்பு சூடேறியது. சட்டையிலிருந்து புகை வந்தது. கையிலிருந்த அறிக்கை ஓரம் கருகி, பழுத்து, சாம்பலாக உதிர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ராசாத்தியின் காதைப் பற்றி, குட்டி போடும் காலத்தைப் பற்றி, பயிற்சியை எங்கே தள்ளி வைக்கலாம், எந்த மாதத்தில் வைக்கலாம், திடீரென்று உச்சத்தில் ஆரம்பிக்காமல் மெல்ல ஆரம்பித்து ஏற்றினால் அவை விலகிப்போக எப்படி நேரம் கிடைக்கும் என்று, படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தபோது, அவன் செக்கச் செவேலென்று ஜொலித்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தான். பிளாஸ்டிக் நாற்காலி உருகி வழிய, தரையில் உட்கார்ந்தான். பேட்டைப் பெண்களுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும்; சூளை முழுச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். யாரோ இரக்கப்பட்டுத் தண்ணீர் கொண்டு ஓடினார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்க!” என்று அலறிக்கொண்டு ஆக்னஸ் எழுந்தாள். “வெடிச்சிடும்! ஃபேனும் போடாதீங்க. கதவ சாத்துங்க. தானா ஆறட்டும்.”

ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அவனை அப்படியே ஒரு தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தி, காற்றுப் படாமல் உட்கார வைத்தார்கள். அந்தத் தெருவில் அந்த வாரம் முழுக்கத் துணி சீக்கிரம் காய்ந்தது. ஆக்னஸ் தினமும் ஷிப்டு முடிந்து போய், வாசலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு வருவாள். இரண்டாம் ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டாள். “ஒரு தட்டுத் தட்டிப் பாருங்களேன், ஆக்னஸ்” என்று உள்ளேயிருந்து அவன் கெஞ்சுவான். “ஆறாத சரக்கத் தட்டக்கூடாதுங்க. மூணாவது ஓலைக்கு முன்னாடி பாத்துடறேன்” என்பாள். அவளுக்கும் பயம்தான். சூளைக்குப் போன எல்லாச் சரக்குமா முழுசாகத் திரும்புகிறது? தட்டி, மறுபடி ‘டொக்’ என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, குச்சியைக் கையில் எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சியை மாற்றிவைக்கிறேன் என்று கூட்டம் கலையும்போது சொன்ன சொல்லைக் கமாண்டர் காப்பாற்றினார். பயிற்சி வேறு மாதத்துக்கும் வேறு ஆழத்துக்கும் போனது. ஒவ்வொரு கப்பலிலும் இப்போது விருத்தாசலத்து வெள்ளை வளையம் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. சோனாரை இயக்கும் முன் ஒரு மாலுமி அதைக் கடலில் இறக்கி, கொய்யாக்குச்சியால் மெல்லத் தட்டி, பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டி, ஓங்கில்கள் விலகிப்போகும்வரை காத்திருக்கிறான். மாலுமிகளுக்குத் தட்டக் கற்றுக்கொடுக்கப் போய்வந்த கனகா, அவர்கள் கை ரொம்ப முரடு என்று இன்றுவரை குறை சொல்கிறாள். ராஜாங்கம் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, படகில் போக வேறு ஆள் கிடைக்காமல் ஆல்பர்ட்டையே கூப்பிட்டார். அவன் இப்போது எண்ண முடிந்ததையும் எழுதுகிறான், எண்ண முடியாததையும் எழுதுகிறான். ஓங்கில்கள் அந்த மாசி மகத்தன்று, சாமிகள் ஆற்றுக்கு வந்த கூட்டத்தோடு கிளம்பி வந்த வழியே கடலுக்குப் போயின. வருடத்துக்கு ஒரு தடவை அதே மகத்துக்கு வந்து போகின்றன. ஏர்ஹாரன்கள் பல இன்னும் வேப்பூர் டீக்கடையில்தான் கிடக்கின்றன. கேட்டு வாங்க டிரைவர்களுக்கு மறந்துவிட்டது.

ஆனால் மூன்றாம் ஓலை வாசித்த அந்த ஞாயிறுவரை இதெல்லாம் நடக்கவில்லை. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, வேறு ஞாயிறு கிடையாது. பூசைக்கு முன்பே தட்டிவிடுவது என்று ஆக்னஸ் நினைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து ஆல்பர்ட் தாமதமாக வந்தான். இன்னும் இளஞ்சூடாக இருந்ததால் தெருவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்து அனுப்பியிருக்கிறது. அவன் வந்து ஆண்கள் பக்கம் நின்றபோது பூசை ஆரம்பித்துவிட்டது. அவள் கைப்பையில் குச்சி இருந்தது. கோயிலுக்குள் அதை எப்படி எடுப்பாள்? ஓங்கில்கள் பாடகர் குழுவுக்கு மேலே அமைதியாக மிதந்தன. சாமியார் பீடத்துக்கு வந்து ஓலையை வாசித்தார். “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று முடித்துவிட்டு, வழக்கப்படி நிமிர்ந்து பார்த்தார். கனகா, அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், இதற்கென்றே வந்து ஆக்னஸின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக்னஸின் மறு கை பைக்குள் குச்சியைத் தொட்டது. தட்டிப் பார்க்காத சரக்கை அவள் வாழ்நாளில் பெட்டியில் வைத்ததில்லை.

அப்போது ராசாத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து இறங்கியது. வழிகாட்ட யாரும் விலாவில் தட்டவில்லை. தூண்களுக்கு நடுவே, மெழுகுவர்த்திகளுக்கு மேலே, எதிலும் முட்டாமல் மெல்ல நீந்தி, ஆண்கள் பக்கம் போனது. ஆல்பர்ட்டின் உடம்பில் மிச்சமிருந்த சூட்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது என்று பிற்பாடு ஆக்னஸ் சொன்னாள். அவனுக்கு நேராக வந்து நின்று, தன் நெற்றியால் அவன் நெற்றியில் ஒரு முட்டு முட்டியது.

‘கிண்’.

கோயில் முழுக்கக் கேட்டது. மணிக்கூண்டில் இருந்த மணி பதிலுக்கு ஒரு தரம் தானாகச் சொன்னது. ஆல்பர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆக்னஸ் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே முந்தானையால் துடைத்தாள். கனகா அது கோயில் என்பதை மறந்து குலவை போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராசாத்தி மற்றவற்றோடு கடலுக்குப் போகவில்லை, அன்றுமுதல் அந்த இளஞ்சூட்டை விட்டுப் பிரியாமல் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அது தடை சொன்னதா என்று ஆக்னஸைப் பார்த்துக் கேட்டார்.

“இல்லீங்க சாமி. நல்ல சரக்குன்னு சொல்லுது” என்றாள் ஆக்னஸ்.

சாமியார் தலையாட்டி, அடுத்த அறிவிப்பை எடுத்தார். மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் செருப்பை வாசலில் குவிக்காமல் வரிசையாக விட வேண்டும் என்று வாசித்தார்.